இன்னொரு டேக் போகலாம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சமயநல்லூர்ப் பக்கம் நாலு பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். "அவரா, தங்கமான மனுசனாச்சே" என்பார்கள். தங்கமான மனுசன்தான். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கொதிப்பு ஏறும். அதனால் அண்ணன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அண்ணனுக்கு சமயநல்லூர் மெயின் ரோட்டில் டைல்ஸ் கடை. தரை போட்டு முடித்த வீடுகளுக்கு அவரே நேரில் போவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே நகருவார். அடியில் கலவை சரியாகப் படியாத கல் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். ஒரே ஒரு கல் அப்படி இருந்தாலும் பெயர்க்கச் சொல்லிவிடுவார். ஒத்தக்கடையில் புது வீடு கட்டிய ஒருவர் மறுநாள் காலையில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். அண்ணன் ஹால் நடுவில் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, விடிஞ்சா சொந்தக்காரவுக எல்லாம் வாராக. அது மேல பாய விரிச்சுக்கிறேன், விட்ருங்க" என்று வீட்டுக்காரர் கெஞ்சியிருக்கிறார்.

"பாய விரிச்சா கல்லு சரியாயிருமா? நடக்குறப்ப அது கேக்கும்ணே."

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஹால் நடுவில் இருந்த குழியைச் சுற்றி நின்று பால் குடித்தார்கள். இந்தக் கதையை அண்ணன்தான் எங்களிடம் சொன்னார், பெருமையாக. நாங்களும் சிரித்தோம். அடுத்தவன் வீட்டுத் தரை என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

நாங்கள் என்றால், 'பாதிப் பாட்டு' என்ற வாட்ஸ்அப் குழு. சின்ன வயதில் பியானோவோ கீபோர்டோ கற்றுக்கொண்டு, பரீட்சை, கல்யாணம், வேலை என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்து, ஒரு பாட்டைப் பாதியில் விட்டவர்கள். மதுரையில் அப்படிப்பட்ட ஏழெட்டுப் பேரை அண்ணன்தான் தேடிப் பிடித்துச் சேர்த்தார். விட்ட பாட்டை முடிக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், குழுவில் போட வேண்டும். வேறு வேலை கிடையாது. யாரும் பெரிய வித்வான் இல்லை. நான் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். ஒத்தக்கடை அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்றவர்களும் இப்படித்தான்.

அண்ணனிடம் நிஜமான பியானோ இருந்தது. கொடைக்கானலில் யாரோ பங்களாவைக் காலி செய்தபோது வாங்கி, முட்டைக்கோஸ் லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். செல்லூரில் அவருடைய மாமனார் குடோனில் அதை நிறுத்தினார். செல்லூரில் சுற்றிலும் விசைத்தறி. ஓடினால் குடோன் சுவரே அதிரும். ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு சந்தில் ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பதிவுக்கு மாதத்தில் ஒரே நாள்தான் வாய்க்கும். பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்தும் ஷட்டவுன் நாள். ஊரே அந்த நாளைத் திட்டும். நாங்கள் லீவு போட்டுவிட்டு, கையில் விசிறியோடு செல்லூருக்குப் போவோம்.

கீபோர்டில் ஒயரைச் செருகிப் பதிவு செய்தால் எந்தத் தறிச்சத்தமும் நுழையாதே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது பிளாஸ்டிக் சத்தம் தங்கச்சி" என்று முகத்தைச் சுளித்தார்.

பதிவு நாளில் அவரைப் பார்க்க வேண்டும். நாற்காலிக்கு எண்ணெய் போடுவார். சுவர்க்கடிகாரத்தைத் துண்டில் சுற்றி வெளியே வைப்பார். என் வளையல், கொலுசு, சாவிக்கொத்து எல்லாம் கழற்றி ஒரு சம்படத்தில் போட வேண்டும். சந்து முனையில் மணியடித்துக்கொண்டு வரும் சோன்பப்டி வண்டிக்காரரை ஓடிப்போய் மறித்து, பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். எங்களுக்கும் பருத்திப்பால் உண்டு. வாசிக்கிறவரைத் தவிர வேறு ஆள் உள்ளே இருக்கக் கூடாது. "மூச்சு விடுற சத்தம் மைக்குல விழுகும், கோவிச்சுக்கிறாதீக" என்று கும்பிட்டு வெளியே அனுப்புவார். அவர் மட்டும் சுவரோரம் சிலைபோல நிற்பார். மைக்கும் பதிவுக் கருவியும் பேட்டரியில் ஓடும்.

ஒட்டுப்போடக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வர வேண்டும். வராத பதிவை அந்த இடத்திலேயே அழித்துவிடுவார். "கெட்டத வச்சிருந்தோம்னா அதுலயே திருப்தி வந்துரும்" என்பார். அழித்துவிட்டு, சிரித்த முகமாக, "இன்னொரு டேக் போகலாம்" என்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு யாருக்கும் மறுத்துப் பேச வாய் வராது.

அவருக்கும் ஒரு பாதிப் பாட்டு இருந்தது. பாலிடெக்னிக் படிக்கும்போது ஆரம்பித்ததாம். அதன் தொடக்கத்தை அவர் வாசித்துக் கேட்க வேண்டும், அத்தனை சுத்தம். நடுவில் வலதுகை இடதுகையைத் தாண்டிப் போகிற ஒரு இடம் வரும். அங்கே ஒரு சுரம் தப்பும். "ச்சே" என்று நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பாதியில் நிற்கிற எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. தடுமாறிய இடத்தைச் சரிசெய்யாமல் முதலுக்குப் போவோம். ஆரம்பம் மெருகேறிக்கொண்டே போகும், முடிவு பச்சையாகவே கிடக்கும். எங்களுக்கு அந்த வியாதி கொஞ்சம். அவருக்கு முற்றிப்போயிருந்தது. எதிர்த்த தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர் அந்தத் தொடக்கத்தை அப்படியே சீழ்க்கையடிப்பார். ஒருநாள் தாங்க முடியாமல், "அண்ணே, அதுக்கு அப்புறம் என்னதாண்ணே வரும்?" என்று கேட்டார். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஒத்தக்கடை அக்கா மட்டும் அவருக்கு அடங்கவில்லை. வீட்டிலேயே போனில் பதிவு செய்து குழுவில் போட்டுவிட்டார். நடுவில் குக்கர் விசில். அண்ணன் உடனே அவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"அக்கா, விசில் விழுந்துருச்சு. எடுத்துருங்க. அடுத்த ஷட்டவுனுக்கு வாங்க, அழகா எடுத்துருவோம்."

"என் வீட்ல விசில் வரும் தம்பி. அதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்று வைத்துவிட்டார் அக்கா.

எனக்கு அக்காவின் வாய் இல்லை. அது போகட்டும், என் பாட்டுக்கு வருகிறேன்.

மூன்று பக்கம் உள்ள ஒரு பாட்டு. ப்ளஸ் டூ படிக்கும்போது இரண்டாம் பக்கத்தோடு நின்றது. மூன்றாம் பக்கத்தில் தாளம் மாறி, இடதுகை அடிச்சுரங்களுக்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டுக் கீபோர்டு நீளம் குறைந்தது, அதில் அந்தக் கட்டைகளே கிடையாது. கீபோர்டை வாங்கித் தந்தது என் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவேன். தெற்குவாசலில் பூட்டும் தாழ்ப்பாளும் கீலும் விற்கிற கடை அவருடையது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பாட்டும் கூத்தும் என்று பெரியத்தா வீடு தேடி வந்து சத்தம் போட்டார். அத்தா எழுந்திருக்கக்கூட இல்லை. "என் காதுக்கு நல்லாருக்குண்ணே. ஒங்களுக்கு வேணாம்னா பொத்திக்கங்க" என்றார். பெரியத்தா அதோடு இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அத்தா கவலைப்படவும் இல்லை. கடையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பார். இரண்டாம் பக்கம் முடிந்து நான் கையை எடுத்ததும், "மிச்சம் எங்கம்மா?" என்பார். கல்யாணமாகிப் போய், திரும்ப இந்த வீட்டுக்கே வந்து, வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே கேள்விதான்.

அந்த அத்தாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. ஆறு அங்குலக் கீல் கேட்டவருக்கு நாலு அங்குலம் எடுத்துக் கொடுத்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். டாக்டர் காது நரம்பு தளர்ந்துவிட்டது என்றார், குறைந்துகொண்டேதான் போகும், எவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல முடியாது என்றார். பெரிய ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கூட்டி வைத்தால் இப்போதைக்குப் பாட்டுக் கேட்கலாம் என்றும் சொன்னார். அன்றைக்கே ஹெட்போன் வாங்கினேன். பாக்கி இருந்தது மூன்றாம் பக்கம்தான், அதைப் பழகவும் வாசிக்கவும் அண்ணனின் பியானோதான் வேண்டியிருந்தது.

இதை அண்ணனிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். முதல் தடவை போனபோதே சொன்னேன். பிறகும் சொன்னேன். அத்தாவையே ஷட்டவுன் நாளில் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன்.

"பெரியவருக்கு இருமல் இருக்குல்ல தங்கச்சி. மொதல்ல பதிவ முடிச்சிருவோம். அப்புறம் ஒருநாள் அத்தாவக் கூட்டிட்டு வாங்க, முழுசா வாசிச்சுக் காட்டலாம்" என்றார். அத்தாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பாவில் பனங்கற்கண்டும் கொடுத்துவிட்டார். அப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது.

மாதங்கள் போயின. ஒருமுறை நாற்காலி கிறீச்சிட்டது என்று அழித்தார். ஒருமுறை புறா. ஒருமுறை நான் எச்சில் விழுங்கியது. தப்பு என்னுடையதாக இருந்த நாட்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

அந்த மாசி மாதத்து ஷட்டவுனில் பாட்டு வந்தது. முதல் வரியிலேயே வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாம் பக்கம் தாண்டி, தாளம் மாறி, அடிச்சுரங்களுக்கு இறங்கியபோது நாற்காலி வழியாக முதுகில் அதிர்வு ஏறியது. கடைசிச் சுரம் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. அத்தாவுக்கு மிச்சம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அண்ணன் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். முழுதும் கேட்டுவிட்டுக் கருவியில் ஏதோ தட்டினார். ஹெட்போனைக் கழற்றினார்.

"ரொம்ப நல்லா வந்துருக்கு தங்கச்சி" என்றார். "மூணாம் பக்கத்துல ரெண்டாவது வரியில மட்டும் பெடல்ல இருந்து கால லேட்டா எடுத்துட்டீங்க. சத்தம் ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போச்சு. இன்னொரு டேக் போகலாம்."

"எனக்கு இது போதும்ணே. இதையே குடுங்க. அத்தாக்குப் போட்டுக் காட்டணும்."

"அழிச்சிட்டேனே" என்றார்.

குற்ற உணர்ச்சி எதுவும் முகத்தில் இல்லை. சோறு ஆறிவிட்டது, சுட வைத்துத் தருகிறேன் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மறுபடியும் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் குப்பை. சாயங்காலம் கரண்ட் வந்தது. சுற்றியிருந்த தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின.

"அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம், மனச விட்றாதீக" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

அடுத்த ஷட்டவுன் வரவில்லை. பொதுத்தேர்வு முடியும்வரை கரண்டை நிறுத்தமாட்டார்கள் என்றார்கள். அதற்குள் அத்தாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. ஒத்தக்கடை அக்கா என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "நீ ஏன் புள்ள இன்னும் அவன் வாசல்லயே நிக்கிற? எங்க சர்ச்சுக்கு இப்பத்தான் யாரோ ஒரு பியானோ குடுத்துருக்காங்க. கெளம்பி வா" என்றார். போனேன். மேலூர் ரோட்டு பஸ் ஹார்ன், வெளியே விளையாடும் பிள்ளைகள், எல்லாவற்றோடும் போனில் பதிவு செய்தேன். மாசியில் வாசித்ததில் பாதிகூட இல்லை. ஆனால் மூன்று பக்கமும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினேன். அத்தா திரையைப் பார்த்தார், பாட்டு ஓடுவதைப் பார்த்தார், தலையை மெல்ல ஆட்ட ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது. முதல் பக்கம் போனது, இரண்டாம் பக்கம் போனது. ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாம் பக்கத்தில் தாளம் மாறியது. அத்தாவின் தலை மாறவில்லை. பழைய தாளத்திலேயே, மனப்பாடமாக, ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து திரை அணைந்தது. அப்போதும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "மிச்சம் நல்லாருக்கும்மா" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகச் சமயநல்லூருக்குப் போனேன். அண்ணன் கடை வாசலில் ஒரு கல்லைக் காதோரம் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். "வாங்க தங்கச்சி" என்று எழுந்தார்.

"அத்தாக்குக் காது போயிருச்சு" என்றேன்.

அவர் கல்லைக் கீழே வைத்தார். "இம்புட்டு சீக்கிரம் போகும்னு யாருக்குத் தெரியும் தங்கச்சி?"

"தெரியாதுன்னுதான டாக்டர் சொன்னாரு? அதத்தான உங்ககிட்ட நானும் சொன்னேன்? குடுத்துருங்கன்னு கேட்டேன்ல?"

"நல்லா வரணும்னுதான செஞ்சேன்."

"யாருக்கு நல்லா வரணும்? எங்கத்தா உங்ககிட்ட பெடல் சரியா இருக்கான்னு கேட்டாரா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மன்னிப்பு வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "பெடல் லேட்டுதான் தங்கச்சி. நான் பொய் சொல்லல" என்றார்.

அங்கே அடுக்கி வைத்திருந்த கல்லில் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டேன். உடைந்து சிதறியது. அவர் கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். "தள்ளி நில்லுங்க, கால்ல குத்திரும்" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அக்கறைதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு நான் செல்லூருக்குப் போகவில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. குழுவிலிருந்து விலகவும் இல்லை, எதையும் போடவும் இல்லை. அத்தாவோடு எழுதிக்காட்டித்தான் பேசுகிறேன். பூட்டுக் கடையை மூடிவிட்டோம்.

போன வாரம் குழுவில் அண்ணனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. "முடிச்சிட்டேன். கேட்டுட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதலில் தறிச்சத்தம். ஷட்டவுன் இல்லாத நாளில், எல்லாத் தறியும் ஓடும்போது வாசித்திருக்கிறார். அந்தத் தொடக்கம் வந்தது. வலதுகை தாண்டிப் போகிற இடம் வந்தது. அதே சுரம் தப்பியது. 'ச்சே' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தார். இதுவரை யாரும் கேட்காத பாதி, தறிகளுக்கு நடுவே, அங்கங்கே தடுக்கி விழுந்து எழுந்து, கடைசிவரை போனது. கடைசிச் சுரத்துக்குப் பிறகு அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உனக்கு என்று வரும்போது தறி ஓடலாம், சுரம் தப்பலாம், மூச்சு விடலாம். இதை அன்றைக்குச் செய்ய உனக்கு என்ன கேடு? மற்றவர்கள் எல்லோரும் கைதட்டும் பொம்மைகளாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே வரி எழுதினேன்.

"இன்னொரு டேக் போகலாம்ணே."

சிறிது நேரத்தில் அந்தப் பதிவு காணாமல்போனது. அழித்துவிட்டார். "சரி தங்கச்சி. அடுத்த ஷட்டவுன்ல எடுக்குறேன்" என்று எழுதினார். கேலியா, நிஜமா என்று மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது. எனக்குத் தெரியும், அந்த மனுசனுக்குக் கேலி பேசத் தெரியாது.

ஒத்தக்கடை அக்கா உடனே கூப்பிட்டார். "ஏன் புள்ள இப்படிப் பண்ணுன? அந்தாளு இனி சாகுற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருப்பான்."

"எடுக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அத்தா நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு பாட்டும்மா?" என்று கேட்டார். போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன்: செல்லூர் பியானோ அண்ணன். அவரோட பாட்ட முடிச்சிட்டாரு.

அந்தப் பாதிப் பாட்டுக் கதையெல்லாம் முன்பே அத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மிச்சத்த வாசிச்சிட்டானா? நல்லாருந்துச்சா?"

அத்தாவிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நல்லாருக்குன்னு ஒரு வார்த்த எழுதிப் போடும்மா. பாவம், எம்புட்டு நாளா அது மேலயே உக்காந்திருந்தான்."

சரி என்றும் தலையை ஆட்டினேன். செல்லூரில் வியாழக்கிழமை ஷட்டவுன் என்று இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறது. நான் இன்னும் எழுதவில்லை.